கல்லறை இல்லாத நவம்பர்

அயர்லாந்தின் டப்ளினில் எனக்குச் சொந்தமாக ஒரு கல்லறைகூடக் கிடையாது. தூத்துக்குடியில் இருந்தவரை, இறந்தவர்களை நினைக்கும் கல்லறைத் திருநாளான நவம்பர் 2 நெருங்கினால் வீட்டில் வேறு பேச்சே இருக்காது. முதல் நாளே அப்பா சுண்ணாம்பு வாளியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விடுவார். மறுநாள் சாயங்காலம் செவ்வந்திப் பூவும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு நாங்கள் போவோம். கடற்காற்றில் சுடர் அணைந்துவிடக் கூடாது என்று பாட்டி ஒவ்வொரு மெழுகுவர்த்தியையும் தேங்காய்ச் சிரட்டைக்குள் நிறுத்தி வைப்பாள். இருட்டிய பிறகு பார்த்தால் தரையெல்லாம் சிரட்டைகளாக எரிந்துகொண்டிருக்கும்.

செவிலியர் வேலைக்கு இங்கே வந்த முதல் வருடம், இரவுப் பணி முடிந்த ஒரு நவம்பர் 2 காலையில், வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. பஸ் பிடித்து கிளாஸ்நெவின் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். யாருடைய கல்லறைக்கு என்று கேட்டால் பதில் இல்லை. அன்றைக்குக் கல்லறைக்குப் போயாக வேண்டும், அவ்வளவுதான். அங்கே ஒன்பது கல்லறைகள் வரிசையாக இருந்தன. ஒன்பது பேருமே 1920, 1921-இல் இறந்தவர்கள். ஆனால் அவர்கள் அங்கே அடக்கம் செய்யப்பட்டது 2001-இல். பக்கத்தில் நின்றிருந்த ஒரு முதியவர், நான் கேட்காமலேயே, "எல்லோரும் தூக்கில் போடப்பட்டவர்கள் அம்மா, ஜெயிலுக்குள்ளேயே புதைத்து வைத்திருந்தார்கள்" என்றார். அவர்களில் முதலாவதாகத் தூக்கில் ஏறியவன் கெவின் பாரி. வயது 18.

அப்போது என் மகனுக்கு ஒன்பது வயது. இப்போது அவனுக்கும் 18. இந்தக் கட்டுரையை இத்தனை வருடம் கழித்து எழுதுவதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

கெவினை 'அவன்' என்றுதான் எழுதப்போகிறேன். தேசத்துக்காக உயிர் கொடுத்தவரை ஒருமையில் எழுதலாமா என்று யாராவது கேட்கக்கூடும். அயர்லாந்தில் அவன் பெயரைத் தாங்கிய தெருக்கள் இருக்கின்றன. எழுதியவர் பெயர் தெரியாத ஒரு பாட்டு அவன் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோயிருக்கிறது. இத்தனை பெரிய மரியாதைக்கு நடுவே அந்தப் பையன் காணாமல் போய்விட்டான். அவன் அம்மா அவனை எப்படிக் கூப்பிட்டிருப்பாளோ அப்படியே கூப்பிட ஆசைப்படுகிறேன். போதாததற்கு, பெயரைத் தமிழில் எழுதினால் 'பாரி' என்று வந்து நிற்கிறது. முல்லைக்குத் தேர் கொடுத்தவன் பெயரை அந்நியமாக எழுத எனக்குக் கை வராது.

1902 ஜனவரி 20-இல் டப்ளின் நகரின் நடுவில் உள்ள ஃபிளீட் தெருவில் பிறந்தான். அப்பா தாமஸ் பாரி பால் வியாபாரி. கார்லோ மாவட்டத்தில் ஹாக்கெட்ஸ்டவுன் அருகே டோம்பே என்ற இடத்தில் அவர்களுக்குப் பண்ணை இருந்தது. அங்கே மாடுகள், இங்கே கடை. ஏழு பிள்ளைகளில் கெவின் நான்காமவன். அவனுக்கு ஆறு வயதானபோது, 1908-இல், அப்பா இறந்துவிட்டார். பண்ணையையும் பிள்ளைகளையும் கட்டிக்காத்தது அம்மா மேரி. பையன் கொஞ்ச காலம் கார்லோ பக்கத்துக் கிராமப் பள்ளியிலும், பிறகு டப்ளினிலும் படித்தான். 1916 முதல் சேசு சபையாரின் பெல்வெடியர் கல்லூரி என்ற பள்ளி. ரக்பி ஆடினான், மட்டையால் ஆடும் ஐரிஷ் விளையாட்டான ஹர்லிங் ஆடினான். நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் நடனமும் சினிமாவும் கேலியும் நிறைந்து கிடக்கின்றன. 1919-இல் டப்ளின் மாநகராட்சியின் உதவித்தொகை கிடைத்து, பல்கலைக்கழகக் கல்லூரியில் மருத்துவம் சேர்ந்தான்.

இதற்கெல்லாம் முன்பே அவனுக்கு இன்னொரு வாழ்க்கை தொடங்கியிருந்தது. அப்போது அயர்லாந்து பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. 1916 ஈஸ்டர் வாரத்தில் அந்த ஆட்சியை எதிர்த்து டப்ளினில் ஆயுதப் புரட்சி வெடித்து அடக்கப்பட்டு, அதன் தலைவர்கள் ஒவ்வொருவராகச் சுட்டுக் கொல்லப்பட்டபோது அவனுக்கு 14 வயது. அடுத்த ஆண்டு அக்டோபரில், பதினைந்து வயதில், விடுதலைக்குப் போராடிய ஐரிஷ் தொண்டர் படையில் சேர்ந்துவிட்டான். முதலில் அவனுக்குக் கிடைத்தது சைக்கிள் வேலைதான். யார் எங்கே எப்போது கூட வேண்டும் என்ற தகவல்களை நகரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பள்ளிப் பையன் சைக்கிளில் போனால் யார் நிறுத்திக் கேட்கப்போகிறார்கள்?

1918 டிசம்பர் தேர்தலில் அயர்லாந்தின் 105 இடங்களில் 73-ஐ, விடுதலை கேட்ட சின் ஃபெய்ன் கட்சி பிடித்தது. வென்றவர்கள் லண்டன் பாராளுமன்றத்துக்குப் போகவில்லை. 1919 ஜனவரியில் டப்ளினிலேயே தங்கள் சபையைக் கூட்டிக் குடியரசை அறிவித்தார்கள். ஆகவே கெவினைப் பொறுத்தவரை அவன் சேர்ந்திருந்தது மக்கள் வாக்களித்து அமைத்த அரசின் படை. இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் அவன் நீதிமன்றத்தில் நடந்துகொண்ட விதம் புரியும். வெறும் வீராப்பு என்று அதைத் தள்ளுகிறவர்கள் இந்தத் தேர்தல் கணக்கைப் பார்ப்பதே இல்லை.

1920 ஜூன் 1-ஆம் தேதி கிங்ஸ் இன்ஸ் கட்டடத்தில் காவலுக்கிருந்த பிரிட்டிஷ் படையினரைத் தொண்டர்கள் பட்டப்பகலில் மடக்கி, துப்பாக்கிகளையும் இயந்திரத் துப்பாக்கிகளையும் தூக்கிக்கொண்டு போனார்கள். கெவினும் அந்தக் குழுவில் இருந்தான். ஓர் உயிரும் போகவில்லை. கிங்ஸ் இன்ஸ் வழக்கறிஞர்களுக்கான சட்டக் கல்விக்கூடம். நம் நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்த வி.வி.கிரி 1913 முதல் 1916 வரை டப்ளினில் சட்டம் படித்தது அங்கேயும், பிறகு கெவின் படித்த அதே பல்கலைக்கழகக் கல்லூரியிலும்தான். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அந்தக் கட்டடத்தைக் கடக்கும்போது என் நடை தானாக மெதுவாகிவிடுகிறது.

அடுத்து, செப்டம்பர் 20.

திங்கட்கிழமை. மதியம் 2 மணிக்கு கெவினுக்குத் தேர்வு. முதல் முறை தேறாததால் மறுபடி எழுத வேண்டிய மருத்துவத் தேர்வு. காலையில் பூசைக்குப் போனான். 11 மணிக்கு ஒரு வேலை இருந்தது. முடித்துவிட்டு நேராகத் தேர்வுக்குப் போய்விடலாம் என்பது அவன் கணக்கு. கோடை முழுவதும் பண்ணையில் இருந்துவிட்டு அப்போதுதான் நகரத்துக்குத் திரும்பியிருந்தான். தேர்வு நாளில் அவன் வர வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அவனாகத்தான் வந்தான்.

வட டப்ளினில் சர்ச் தெருவும் நார்த் கிங் தெருவும் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மங்க்ஸ் பேக்கரி இருந்தது. முகாமுக்கு ரொட்டி வாங்க ராணுவ லாரி ஒன்று குறிப்பிட்ட நாட்களில் அங்கே வரும். லாரியில் ரொட்டிக்குக் காவலாகச் சில சிப்பாய்கள் துப்பாக்கியோடு இருப்பார்கள். அந்தத் துப்பாக்கிகள்தான் குறி. ஆயுதமில்லாத படை, ஆயுதம் வைத்திருப்பவனிடமிருந்து பறிப்பதைத் தவிர வேறு வழி அறியாது. கிங்ஸ் இன்ஸில் நடந்ததைப் போலவே சத்தமில்லாமல் முடிந்துவிடும் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். நார்த் கிங் தெருவுக்கு வேறொரு நினைவும் இருந்தது. 1916 புரட்சியின் கடைசி நாட்களில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் அந்தத் தெரு வீடுகளுக்குள் புகுந்து 15 பொதுமக்களைக் கொன்றிருந்தார்கள். நான்கு வருடம்தான் ஆகியிருந்தது.

லாரி தாமதமாக வந்தது. அந்தத் தாமதத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். தேர்வுக்குப் போக வேண்டிய ஒரு பையன் தெருமுனையில் ஒன்றும் தெரியாதவன் போல நின்றுகொண்டு, கோட்டுப் பைக்குள் கைத்துப்பாக்கியைப் பிடித்தபடி எத்தனை முறை நேரத்தைப் பார்த்திருப்பான்?

வந்தது. ஒரு சார்ஜென்டும் சிலரும் ரொட்டி எடுக்க உள்ளே போனார்கள். கெவினும் இன்னும் சிலரும் லாரியின் பின்பக்கத்தை நெருங்கி, துப்பாக்கிகளைக் கீழே போடச் சொன்னார்கள். சிப்பாய்கள் போடவும் தொடங்கினார்கள். அப்போது எங்கிருந்தோ ஒரு வெடிச் சத்தம். அதற்குப் பிறகு எல்லாப் பக்கமும் வெடித்தது. கெவினின் கைத்துப்பாக்கி சிக்கிக்கொண்டது. குனிந்து சரிசெய்தான், சுட்டான், மறுபடி சிக்கிக்கொண்டது. லாரியின் பக்கத்தில் முழங்காலிட்டு, குண்டுக்கூட்டைத் தட்டித் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தபோது தெருவில் கூட்டாளிகள் ஒருவரும் இல்லை. பின்வாங்கிப் போய்விட்டார்கள். ஓட வழியில்லை. லாரிக்கு அடியில் உருண்டு படுத்துவிட்டான்.

சிப்பாய்கள் லாரியைக் கிளப்பத் தயாரானார்கள். அவர்கள் அவனைக் கவனிக்கவே இல்லை. கவனிக்காமலே போயிருப்பார்களோ என்னவோ. கீழே ஒருவன் படுத்திருக்கிறான், நசுங்கிவிடுவானே என்று பதறி ஒரு பெண் கத்தியதாகவும், அந்தச் சத்தத்தில்தான் அவன் பிடிபட்டதாகவும் சொல்கிறார்கள். யார் பெற்ற பிள்ளையோ என்று நினைத்துத்தான் அந்தப் பெண் கத்தியிருப்பாள். இந்தக் கதையில் என்னால் நினைத்துப் பார்க்கவே முடியாத ஓர் இடம் இதுதான்.

அங்கே மூன்று சிப்பாய்கள் சுடப்பட்டிருந்தார்கள். டியூக் ஆஃப் வெலிங்டன் ரெஜிமென்டைச் சேர்ந்த ஹெரால்ட் வாஷிங்டன், தாமஸ் ஹம்ஃப்ரீஸ், மார்ஷல் வொயிட்ஹெட். ஒருவன் அங்கேயே இறந்தான், மற்ற இருவர் காயங்களால் இறந்தார்கள். ராணுவக் கணக்கில் இருவருக்கு 19 வயது, ஒருவனுக்கு 20. சேரும்போது சொன்ன வயதுதான் இது, உண்மையில் இன்னும் சின்னவர்களாக இருக்கலாம் என்று அயர்லாந்தின் பிரிட்டிஷ் தளபதி மக்ரீடியே எழுதினார். ரொட்டி வாங்க வந்த பிள்ளைகள். கெவினைப் பற்றிய பாட்டுகளிலும் பேச்சுகளிலும் இவர்கள் மூவரும் வருவதில்லை. அவர்களை விட்டுவிட்டு கெவினுக்காக அழுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. அவனுக்கும்கூட அது நியாயம் செய்யாது. ஆயுதத்தைப் பறிக்கத்தான் போனோம், உயிரை எடுக்க அல்ல என்றால், எடுத்துவிட்ட உயிர்களின் பெயரைச் சொல்லத்தான் வேண்டும்.

பிடிபட்டவனை நார்த் டப்ளின் யூனியன் என்ற கட்டடத்துக்குக் கொண்டுபோனார்கள். ஏழைகள் விடுதியாக இருந்து ராணுவத்தின் கைக்குப் போன இடம். அங்கே நடந்ததை அக்டோபர் 28-ஆம் தேதி, சாவுக்கு நான்கு நாட்களுக்கு முன், சிறையில் அவனே பிரமாண வாக்குமூலமாகச் சொன்னான். கூட இருந்தவர்களின் பெயர்களைக் கேட்டார்கள். மறுத்தான். துப்பாக்கி முனைக் கத்தியைக் கொண்டுவரச் சொல்லி, வயிற்றுக்கு நேராக நீட்டினார்கள். மறுத்தான். சுவரைப் பார்த்து நிற்கவைத்து முதுகில் கத்தியை வைத்தார்கள். பிறகு தரையில் குப்புறத் தள்ளி, முதுகில் முழங்காலை ஊன்றி, முடியைப் பிடித்து இழுத்து, ஒருவர் அவன் கையை முழங்கையோடு சேர்த்து முறுக்கினார். சுமார் ஐந்து நிமிடம் என்கிறான்.

எலும்பு முறிவு வார்டில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். முழங்கை மூட்டு ஒரு பக்கமாகத்தான் மடங்கும். பக்கவாட்டில் முறுக்கினால் எலும்பு முறிவதற்கு முன்பே தசைநார்கள் இழுபட்டுக் கிழியும். அந்த வலியில் பெரிய ஆட்கள், மீன்பிடிப் படகில் வேலை செய்கிறவர்கள், பெற்ற தாயைக் கூப்பிட்டு அலறுவதைக் கேட்டிருக்கிறேன். ஐந்து நிமிடம் என்பது கடிகாரத்தில் ஒன்றுமில்லை. வார்டில் ஒரு நோயாளியின் கையை நேராக்கும்போது பத்து நொடி தாங்கச் சொல்லி நாங்கள் கெஞ்சுவோம். அவன் ஒரு பெயரும் சொல்லவில்லை. அந்த வாக்குமூலத்தை நான் மூன்று முறை படித்தேன். அதில் அலங்காரப் பேச்சு எதுவும் இல்லை. யார் எங்கே நின்றார், எந்தக் கை, எவ்வளவு நேரம். மருத்துவ மாணவன் எழுதிய நோயாளிக் குறிப்பு போலவே இருக்கிறது. பிறகு அந்தக் கைக்குக் கட்டுப் போட்டு வைத்தியம் பார்த்தார்கள்.

ஆகஸ்ட் மாதம்தான் லண்டன் ஒரு புதுச் சட்டம் கொண்டுவந்திருந்தது. அயர்லாந்தில் ஒழுங்கை மீட்பதற்கான சட்டம் என்று பெயர். அதன்படி ஜூரி வேண்டியதில்லை, ராணுவ நீதிமன்றமே மரண தண்டனை கொடுக்கலாம். அக்டோபர் 20-ஆம் தேதி மார்ல்பரோ முகாமில் ஒன்பது ராணுவ அதிகாரிகள் உட்கார்ந்தார்கள். தான் ஐரிஷ் குடியரசின் சிப்பாய், இந்த நீதிமன்றத்தை ஏற்க மாட்டேன் என்று சொன்ன கெவின், வழக்கறிஞர் வைத்துக்கொள்ளவும் மறுத்துவிட்டான். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும்படி ஒவ்வொரு முறை கேட்கப்பட்டபோதும் மறுத்தான்.

கேட்டிருந்தால் கேட்க ஒரு கேள்வி இருந்தது. வொயிட்ஹெட்டைக் கொன்ற குண்டு .45 அளவு என்றும், கெவினிடம் இருந்த கைத்துப்பாக்கி .38 அளவு என்றும் சொல்லப்படுகிறது. அப்படியானால் அந்தக் குண்டு அவனுடையது அல்ல. ஆனால் நீதிமன்றம் அதைப் பொருட்படுத்தவில்லை. கொன்ற கூட்டத்தில் ஒருவன் என்று நிரூபித்தால் போதும், அத்தனை பேரும் குற்றவாளிகள்தான் என்ற சட்டக் கோட்பாட்டின்மேல் தீர்ப்பு நின்றது. அன்று இரவே சிறை அறையில் தண்டனை அவனுக்குப் படித்துக் காட்டப்பட்டது. தூக்கு.

அந்த அக்டோபர் அயர்லாந்துக்குப் பொல்லாத மாதம். கார்க் நகர மேயர் டெரன்ஸ் மக்ஸ்வினி லண்டன் பிரிக்ஸ்டன் சிறையில் 74 நாள் உண்ணாவிரதம் இருந்து 25-ஆம் தேதி உயிர்விட்டார். அவர் உடல் 31-ஆம் தேதி கார்க்கில் மண்ணுக்குப் போனது. மறுநாள் காலை இவனுக்கு நாள் குறித்திருந்தது. டப்ளின் பேராயர் வால்ஷும் டப்ளின் மேயர் லாரன்ஸ் ஓ'நீலும் கருணை கேட்டு அலைந்தார்கள். எழுத்தாளர் எர்ஸ்கின் சில்டர்ஸ் லண்டன் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். பிரதமர் லாயிட் ஜார்ஜ் அசையவில்லை. செத்த சிப்பாய்களும் சின்னவர்கள்தானே, இவனுக்கு மட்டும் வயதை ஏன் பார்க்க வேண்டும் என்பது அதிகாரிகளின் வாதம். அதைக் கேட்டு எனக்கு உடனே பதில் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பல நாள் யோசித்தேன். செத்துப்போன மூன்று பிள்ளைகளுக்கு இன்னொரு பிள்ளையின் சாவு எப்படி ஈடாகும் என்பதைத்தான் நான் கடைசியில் வந்து சேர்ந்த இடமாகச் சொல்ல முடியும். அந்த மூன்று அம்மாக்களுக்கும் அதனால் ஒன்றும் திரும்பி வரவில்லை.

சிறையிலிருந்து அவனைத் தப்புவிக்க, விடுதலைப் போரின் தலைவர்களில் ஒருவரான மைக்கேல் காலின்ஸின் ஆட்கள் திட்டம் போட்டார்கள். ஒன்றும் கைகூடவில்லை. 31-ஆம் தேதி குடும்பத்தார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வந்தவர்களுக்கெல்லாம் அவன்தான் தைரியம் சொல்லியிருக்கிறான்.

தூக்குப் போட இங்கிலாந்திலிருந்து ஜான் எல்லிஸ் வந்தார். ராச்டேல் ஊரில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர், அரசின் தூக்குக்காரர். 1916-இல் ஐரிஷ் விடுதலைக்காகப் போராடிய ரோஜர் கேஸ்மென்டைத் தூக்கிலிட்டதும் இவர்தான்.

நவம்பர் 1, திங்கட்கிழமை, அனைத்துப் புனிதர் பெருவிழா. விடிகாலையிலேயே மவுன்ட்ஜாய் சிறை வாசலில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடிவிட்டார்கள். மாணவர்கள் கூட்டமாக வந்தார்கள். குளிரில் தெருவில் முழங்காலிட்டு ஜெபமாலை சொன்னார்கள். உள்ளே கெவின் பூசை கண்டு நற்கருணை வாங்கினான். காலை 8 மணிக்கு, சிறைப் பங்குக் குரு கேனன் வாட்டர்ஸ் கூட நடந்துவர, தூக்குமேடைக்குப் போனான். அந்தக் குருவானவர் பிறகு அவன் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். தான் அறிந்த பிள்ளைகளிலேயே மிகத் துணிச்சலான, மிக நல்ல ஒரு பிள்ளைக்கு நீங்கள் தாய் என்று அதில் எழுதியிருந்தார்.

உடலைக் கொடுக்கவில்லை. சிறை மதிலுக்குள்ளேயே புதைத்தார்கள்.

மறுநாள் நவம்பர் 2. கல்லறைத் திருநாள்.

ஊரெல்லாம் தங்கள் இறந்தவர்களுக்காக ஜெபித்துக்கொண்டிருந்த அந்த நாளில் மேரி பாரி எங்கே நின்றிருப்பாள் என்று யோசிக்கிறேன். கணவனுக்கு 12 வருடத்துக்கு முந்தைய கல்லறை இருக்கிறது. மகன் நேற்றுச் செத்தான். அவன் கிடக்கும் மண்ணில் ஒரு பூவை வைக்க அவளுக்கு அனுமதி கிடையாது. சிறுவயதில் நம் பாடப்புத்தகத்தில், போரில் விழுந்த மகனின் புண் மார்பில் இருக்கிறதா முதுகில் இருக்கிறதா என்று தேடிப்போன தாயைப் பற்றிப் படித்து மனப்பாடம் செய்திருக்கிறோம். அந்தத் தாய்க்குத் தேடிப்போக ஒரு களமாவது இருந்தது. மேரிக்கு அதுவும் இல்லை.

அதே நவம்பர் 2 அன்று, நம் இமாசலத்து மலையில், தக்ஷாய் சிறையில், இன்னொரு ஐரிஷ் இளைஞனைச் சுட்டார்கள். ஜேம்ஸ் டாலி, வயது 20, பிரிட்டிஷ் ராணுவத்தின் கானாட் ரேஞ்சர்ஸ் படைச் சிப்பாய். சொந்த நாட்டில் பிரிட்டிஷ் படைகள் செய்யும் அட்டூழியங்களைக் கேள்விப்பட்டு, அந்தப் படையின் ஐரிஷ் சிப்பாய்கள் 1920 ஜூன் இறுதியில் ஜலந்தரில் வேலை செய்ய மறுத்தார்கள். செய்தி சோலனுக்குப் போனது, அங்கே தலைமை தாங்கியவன் டாலி. ஆயுதக் கிடங்கை நோக்கிப் போனபோது இரண்டு சிப்பாய்கள் சுடப்பட்டு இறந்தார்கள். பலருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டாலும் நிறைவேற்றப்பட்டது டாலி ஒருவனுக்குத்தான். அவன் உடல் அரை நூற்றாண்டு இந்திய மண்ணில் கிடந்துவிட்டு 1970-இல் அயர்லாந்துக்குத் திரும்பியது. ஒன்பது நாட்களுக்குள் ஒரு மேயரும் இரண்டு இளைஞர்களும். நம் ஊர்ப் பள்ளிகளில் இந்த டாலியின் பெயரை யாரும் சொல்லித் தரவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

கெவினின் மரணத்தால் பயம் வரும் என்று அரசு எண்ணியிருக்கலாம். வந்தது வேறு. மாணவர்கள் படையில் சேர்ந்தார்கள். அதே மாதம் 21-ஆம் தேதி டப்ளினில் இரு பக்கமும் ரத்தம் சிந்திய ஞாயிற்றுக்கிழமை வந்தது. 1921 ஜூலையில் போர் நிறுத்தம் வருவதற்குள் 24 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டுவிட்டது. பிறகு பிரிட்டனோடு உடன்படிக்கை, அதையொட்டி உள்நாட்டுப் போர். கெவினுக்காகக் கடிதம் எழுதிய எர்ஸ்கின் சில்டர்ஸை 1922 நவம்பரில் சுட்டது பிரிட்டிஷ் அரசு அல்ல, புதிதாகப் பிறந்த ஐரிஷ் அரசு. இதை எழுதும்போது கை தயங்குகிறது. ஆனாலும் நடந்தது நடந்ததுதான்.

ஃபிராங்க் ஃபிளட்டைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. கெவினின் நண்பன், அதே கல்லூரியில் பொறியியல் மாணவன். 1921 ஜனவரியில் டிரம்கான்ட்ராவில் நடந்த ஒரு தாக்குதல் முயற்சியில் பிடிபட்டான். மார்ச் 14 அன்று மவுன்ட்ஜாயில் ஆறு பேரை இரண்டிரண்டு பேராகத் தூக்கிலிட்டார்கள். அவர்களில் இவனும் ஒருவன். வயது 19. சாவதற்கு முன் அவன் கேட்டது ஒன்றுதான்: கெவினுக்குப் பக்கத்தில் என்னைப் புதையுங்கள். புதைத்தார்கள்.

சிறைக்குள் இப்படிப் புதைக்கப்பட்டவர்கள் மொத்தம் பத்துப் பேர். நாடு சுதந்திரம் அடைந்தது, கொடி மாறியது, சிறை சிறையாகவே இருந்தது, அவர்களும் உள்ளேயே இருந்தார்கள். 2001 அக்டோபர் 14 அன்றுதான் பத்துப் பேரையும் வெளியே எடுத்து அரசு மரியாதை செய்தார்கள். டப்ளின் வீதிகளில் மக்கள் இரு பக்கமும் நின்று கைதட்டினார்கள் என்று அன்று கூட்டத்தில் நின்ற ஒருவர் எனக்குச் சொன்னார். சாவு ஊர்வலத்தில் கைதட்டலா என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. இங்கே அது மரியாதை. பேட்ரிக் மஹர் என்பவரைக் குடும்பத்தார் விருப்பப்படி லிமெரிக் மாவட்டத்தில் அவர் ஊருக்கே கொண்டுபோனார்கள். மற்ற ஒன்பது பேர் கிளாஸ்நெவினில். மவுன்ட்ஜாயிலிருந்து கிளாஸ்நெவின் பெரிய தூரமில்லை. நான் நடந்தே போயிருக்கிறேன், அரை மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறது. கெவினுக்கு அது 81 வருடம்.

மவுன்ட்ஜாய் சிறைக்கு அடுத்தாற்போல மேட்டர் மருத்துவமனை இருக்கிறது. கெவின் படித்த பல்கலைக்கழகக் கல்லூரியின் மாணவர்கள் நோயாளிகளிடம் வைத்தியம் கற்கப் போகும் மருத்துவமனைகளில் அதுவும் ஒன்று. அன்று மதியம் 2 மணிக்குத் தேர்வு எழுதி, தேறி, அடுத்தடுத்த வருடங்களைக் கடந்திருந்தால், ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவன் போய்வந்திருக்கக்கூடிய வார்டு, அவன் புதைந்து கிடந்த மதிலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. பல்கலைக்கழகத்தில் அவனுக்கு ஒரு வண்ணக் கண்ணாடி ஜன்னல் வைத்திருக்கிறார்கள், 1934-இல் செய்தது. அழகாக இருக்கிறது. ஆனால் அவனை நினைக்கும்போது எனக்குக் கண்ணில் வருவது அந்த வார்டுதான்.

போன நவம்பர் 2 அன்று மகனையும் அழைத்துக்கொண்டு கிளாஸ்நெவின் போனேன். ஊரில் செய்ததைப் போலச் சிரட்டைக்கு எங்கே போவது? வீட்டிலிருந்த காலி ஜாம் பாட்டில்களைக் கழுவி எடுத்துப் போயிருந்தோம். ஒன்பதுக்கு ஒன்பது. மகன் பையில் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "இன்னும் மூன்று இருக்கிறதே அம்மா?" என்று கேட்டான். அந்த மூன்று சிப்பாய்களின் பெயர்களைச் சொன்னேன். அவர்களை எங்கே வைப்பது என்று அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு வரிசை முடியும் இடத்தில், புல்லில், காற்றுப் படாத பக்கமாகப் பார்த்து, மூன்றையும் ஏற்றி வைத்தான்.